அங்கே எனக்கு என்ன வேலை?



சென்ற மாதம் நம் சங்கத்தின் பொதுக்குழு கூடியது. வந்திருந்தோர் நாற்பது பேர். அவர்களில் ஐம்பது வயதுக்குக் கீழ் என்று சொல்லத்தக்கவர் மூவர்; அந்த மூவரில் ஒருவர் ஒலிபெருக்கி அமைக்க வந்தவர். இளைய தலைமுறை ஏன் சங்கத்துப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை என்ற பேச்சு எழுந்தது. மூத்த அன்பர் ஒருவர் எழுந்து, "எல்லாம் இந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டால் வந்த வினை. பிள்ளைகள் கதவைச் சாத்திக்கொண்டு, வாளும் கையுமாக எவனோடோ சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன. தமிழும் போயிற்று, தாய் தகப்பனோடு பேச்சும் போயிற்று. பெற்றோர் இதை அடியோடு நிறுத்த வேண்டும் என்று ஒரு தீர்மானம் போடுங்கள்" என்றார். பலத்த கைதட்டல். நானும் தட்டினேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் மனம் உறுத்த ஆரம்பித்தது. ஏனென்றால் அந்தத் தீர்மானத்தை இருபது ஆண்டுகளுக்கு முன்பே என் வீட்டில் நிறைவேற்றிப் பார்த்தவன் நான். அதில் என்ன விளைந்தது என்பதைச் சொல்லி, என் கருத்தையும் உங்கள் முன் வைக்கவே இதை எழுதுகிறேன்.

என் வீட்டுத் தீர்மானம்

நான் திருப்பத்தூர்ப் பக்கத்துக் கிராமத்தான். 1974ல் பிழைப்புத் தேடிப் பெங்களூர் வந்து, ஒரு தொழிற்சாலையில் முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவன். என் மகன் அல்சூரிலேயே பிறந்து வளர்ந்தவன். பள்ளியில் முதல் மொழி ஆங்கிலம், இரண்டாம் மொழி கன்னடம். தமிழ், வீட்டில் பேசுகிற அளவோடு நின்றுவிட்டது. ஞாயிறுதோறும் உட்கார வைத்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன். கொஞ்சிப் பார்த்தேன், மிரட்டியும் பார்த்தேன். உயிரெழுத்துகளை அவன் தாண்டவில்லை.

2004ல் அவன் பொறியியல் இரண்டாம் ஆண்டு. வீட்டில் ஒரு கணிப்பொறி வாங்கியிருந்தோம். கணிப்பொறிப் பத்திரிகை ஒன்றோடு வந்த குறுந்தகட்டைப் போட்டு, அதிலிருந்த விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் என்ற ஒன்றை ஏற்றினான். இரவு பதினொரு மணிக்கு எட்டிப் பார்த்தால் கறுப்புத் திரையில் கோடுகளும் புள்ளிகளும் ஆங்கில எழுத்துகளும் ஊர்ந்துகொண்டிருக்கும்.

"என்னடா இது, காலேஜ் கணக்கா?"

"விளையாட்டுப்பா. இதோ பாருங்க, இந்தச் சுழிதான் நான். இந்த 'டி' எழுத்து என்னோட நாய்."

மின்னஞ்சல் முகவரியின் நடுவே வருமே, அந்தச் சுழிக்குறிதான் கதாநாயகன்! நெட்ஹேக் என்று அந்த ஆட்டத்துக்குப் பெயர். பாதாள அறைகளில் அடுக்கடுக்காக இறங்கி, ஒரு தாயத்தை எடுத்துக்கொண்டு மேலே வரவேண்டும். வழியில் செத்தால் செத்ததுதான். முதலிலிருந்து வேறொரு ஆளாகப் பிறந்து வரவேண்டும். என் மகன் அப்போது ஒரு வீரனை இரண்டு மாதமாகச் சாகாமல் காப்பாற்றி வைத்திருந்தான். பரீட்சைக்கு அந்த அக்கறை இருந்திருந்தால் என்று நான் நினைக்காத நாளில்லை.

இடையில் சங்கத்தின் பொங்கல் விழா அழைப்பிதழ் வேலை என் தலையில் விழுந்தது. நண்பர் வீட்டில் தட்டச்சு செய்து நெகிழ்வட்டில் கொண்டுவந்த அழைப்பிதழை எங்கள் கணிப்பொறியில் திறந்தால், தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. ஆங்கில எழுத்துகளும் நட்சத்திரங்களுமாகக் கொட்டிக் கிடந்தது. எனக்கு வந்ததே கோபம்! மகன் கல்லூரிக்குப் போன நேரம் பார்த்து, கடையிலிருந்து ஒரு பையனை வரவழைத்து, "இந்தச் சனியனைச் சுத்தமாக அழித்துவிட்டு விண்டோஸ் போடு" என்றேன். அவன் ஒருமுறைக்கு இருமுறை கேட்டான். "எல்லாம் போய்விடும் சார், பரவாயில்லையா?" பரவாயில்லை என்றேன்.

மாலையில் மகன் வந்தான். கத்துவான் என்று எதிர்பார்த்திருந்தேன். கத்தவில்லை. சற்று நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுச் சொன்னான்:

"ஆட்டம் போனா போகட்டும்ப்பா. அந்த ஆளு எப்படியும் ஒருநாள் சாவான். பாட்டி சொன்ன வார்த்தையெல்லாம் அதுலதான் வெச்சிருந்தேன்."

பாட்டியின் வார்த்தைகள்

அதன் பிறகுதான் விசாரித்தேன். லினக்ஸின் பட்டியல்களையும் பொத்தான்களையும் தமிழில் பெயர்க்கும் வேலையைச் சில இளைஞர்கள் பங்கு பிரித்துச் செய்துகொண்டிருந்தார்கள். சென்னையில் ஒருவர், யாழ்ப்பாணத்தில் ஒருவர், கனடாவில் ஒருவர். ஒருவரையொருவர் நேரில் பார்த்ததே இல்லை. விளையாட்டைப் பற்றிப் பேசப்போன இடத்தில் அவர்களோடு பழக்கமாகி, என் மகனும் ஒரு சிறு பங்கை வாங்கிக்கொண்டிருக்கிறான். அதற்காக எழுத்துக் கூட்டிப் படிக்கத் தானே கற்றுக்கொண்டிருக்கிறான். அருஞ்சொல் தெரியாதபோது என் தாயாரிடம் போய் உட்கார்ந்திருக்கிறான். மாலை வேளைகளில் பாட்டியும் பேரனும் குசுகுசுவென்று பேசுவதைப் பார்த்து, செலவுக்குக் காசு கேட்கிறான் என்றல்லவா நான் நினைத்திருந்தேன்!

என் தாயார் கணிப்பொறியைத் தொட்டதில்லை. 'சேவ்' என்றால் என்ன என்று பேரன் விளக்கினால், "பத்திரமா எடுத்து வைக்கறதா? அப்போ 'எடுத்து வை'ன்னு போடு" என்பாராம். 'அன்டூ' என்ற சொல்லுக்கு இவன் தடுமாறியபோது, "பூ கட்டும்போது ஒரு கண்ணு தப்பினா என்ன செய்யறோம்? பிரிக்கறோம். 'பிரி'ன்னு எழுது ராசா" என்றாராம். இப்படி இருநூறு முந்நூறு சொற்கள் சேர்ந்திருந்தன. அத்தனையும் ஒரு மத்தியானத்தில் அழித்தாயிற்று.

என் தாயார் மறுபடியும் சொல்லிக் கொடுத்தார். "முன்ன என்ன சொன்னேன்னு எனக்கே மறந்துபோச்சு கண்ணு, இப்போ தோணறதைச் சொல்றேன்." பேரன் எழுதிக்கொண்டான். ஆனால் என்னிடம் அவன் பழையபடி பேச ஒரு வருடம் ஆயிற்று. பேச்சைக் கெடுத்தது விளையாட்டு என்று நம் அன்பர் சொன்னாரே, என் வீட்டில் அதைக் கெடுத்தது நான்தான்.

ஒரு சிறு நியாயமும் சொல்லவேண்டும். அழைப்பிதழ் குழம்பியது லினக்ஸின் குற்றமே அல்ல. அந்நாளில் தமிழ் எழுத்துரு தயாரித்த ஒவ்வொருவரும் எழுத்துகளை அவரவர் மனம்போனபடி எண்ணிட்டு வைத்திருந்தார்கள். ஒருவர் 'க' வைத்த இடத்தில் இன்னொருவர் 'பூ' வைத்திருப்பார். அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் எல்லாம் குப்பையாகவே தெரியும். உலகமொழிகள் அனைத்துக்கும் பொதுவான யூனிகோடு முறையில் 1991லேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். அது வீட்டுக்கு வீடு புழக்கத்துக்கு வந்த பிறகே அந்தத் தொல்லை ஒழிந்தது. இன்று உங்கள் கைப்பேசியில் தமிழ் பிழையின்றித் தெரிகிறதென்றால் அதனால்தான்.

கூடிச் செய்த வேலை

லினக்ஸ் என்பது என்ன? கணிப்பொறியை இயக்கும் அடிப்படை மென்பொருள். 1991 ஆகஸ்டில் பின்லாந்து நாட்டின் ஹெல்சின்கி நகரில், லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர், பொழுதுபோக்காக ஒன்றை எழுதி வருவதாக இணையத்தில் தெரிவித்தார். அடுத்த ஆண்டே, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம், திருத்தியதை அதே நிபந்தனையோடு பிறருக்கும் தரவேண்டும் என்ற உரிமத்தில் அதைப் பொதுவில் விட்டார். அந்த உரிமம் அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983ல் தொடங்கிய இயக்கத்தின் கொடை. ஆயிரக்கணக்கானோர் அதில் கைவைத்தார்கள். 2017 நவம்பர் முதல், உலகின் அதிவேகக் கணிப்பொறிகள் ஐந்நூறின் பட்டியலில் ஐந்நூறும் லினக்ஸில் ஓடுபவையே. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் அடிவயிற்றில் இருப்பதும் அதுவே.

நம் ஊருக்கும் இதில் பங்குண்டு. 1996ல் ஒரு கணிப்பொறிப் பத்திரிகை லினக்ஸ் குறுந்தகட்டை இதழோடு சேர்த்துக் கொடுக்க முன்னின்றவர், பெங்களூரில் வாழ்ந்த அதுல் சிட்னிஸ். 2001ல் அவரும் நண்பர்களும் தொடங்கிய 'லினக்ஸ் பெங்களூர்' மாநாடு, பெயர் மாறி 2012 வரை நடந்தது. மறு ஆண்டு அவர் காலமானார். இந்திய அறிவியல் கழக ஆசிரியர்கள் முன்னின்று உருவாக்கி, 2004ல் விற்பனைக்கு வந்த 'சிம்ப்யூட்டர்' என்ற கையடக்கக் கணிப்பொறியும் லினக்ஸில் ஓடியதே.

நான் கேலி செய்த நெட்ஹேக் விளையாட்டும் இப்படிப் பிறந்ததுதான். 1987ல் வெளிவந்த அதை எழுதியவர்கள் வெவ்வேறு ஊர்க்காரர்கள். கணிப்பொறி வலையின் வழியே கூடி எழுதியதால்தான் 'நெட்' என்ற சொல் பெயரில் ஏறியது. விளையாடியவர்களே நாளடைவில் திருத்துகிறவர்களாகவும் ஆனார்கள்.

இப்போது நம் தமிழுக்கு வருவோம். மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985ல் 'முரசு' மென்பொருள் முயற்சியைத் தொடங்கினார். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலிருந்து முனைவர் கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, 1998 பொங்கலன்று 'மதுரைத் திட்டம்' தொடங்கியது. பல நாட்டுத் தமிழர்கள் வேலை முடிந்த இரவுகளில் தட்டச்சு செய்து, சங்க நூல்கள் முதல் இக்கால இலக்கியம் வரை இணையத்தில் ஏற்றினார்கள். 2003ல் தமிழ் விக்கிப்பீடியா கால்கொண்டபோது அதைத் தூக்கி நிறுத்திய இ. மயூரநாதன் இலங்கையர், வளைகுடா நாட்டில் கட்டடக் கலைஞராக வேலை பார்த்துக்கொண்டே அதைச் செய்தவர்.

மலேசியா, சுவிட்சர்லாந்து, வளைகுடா. கவனித்தீர்களா? மூவரும் தமிழ்நாட்டுக்கு வெளியே வாழ்ந்தவர்கள், நம்மைப் போல. அவர்கள் யாரும் தீர்மானம் போட்டதாகத் தெரியவில்லை. இருந்த இடத்திலிருந்து ஒரு வேலையை எடுத்துப்போட்டுச் செய்தார்கள்.

வேடம் கட்டுவது புதிதா?

'வேறொரு ஆளாக வேடம் போட்டு ஆடுவது பித்துக்குளித்தனம் இல்லையா' என்று சிலர் கேட்கலாம். 1974ல் அமெரிக்காவில் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடையும் காகிதமுமாக ஆடத் தொடங்கிய ஆட்டம் இது. 1978ல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழக மாணவர்கள், பலரும் ஒரே நேரத்தில் உள்ளே வந்து ஆடும்படி அதைக் கணிப்பொறிக்குக் கொண்டுவந்தார்கள். ஆளுக்கொரு பாத்திரம், அந்தப் பாத்திரத்துக்கு ஒரு கடமை. இதுதான் அடிப்படை.

நமக்கு இது புதிதா? சித்திரைப் பௌர்ணமி இரவில் தர்மராயர் கோயிலிலிருந்து கரகம் புறப்படுவதைப் பார்த்திராத பெங்களூர்த் தமிழர் உண்டா? திகளர் குலத்து ஆண்மகன் ஒருவர் புடவையும் மல்லிகையுமாகத் திரௌபதியாகவே மாறி, விடிய விடியக் கரகம் சுமக்கிறார். வாளேந்திய வீரகுமாரர்கள் சூழ்ந்து வருகிறார்கள். ஊர்வலம் தவக்கல் மஸ்தான் தர்காவிலும் நின்று போகிறது. வேடம் கட்டியவர் தன்னை மறக்கிறார் என்று நாம் வருந்துவதில்லை. அந்த ஓர் இரவு அவருக்கு ஓர் இடமும் பொறுப்பும் இருக்கிறது என்று கும்பிடுகிறோம்.

குடிபெயர்ந்த குடும்பத்துப் பிள்ளையின் நிலைமையை எண்ணிப் பாருங்கள். பள்ளியில் அவன் தமிழன். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனால் அங்கே அவன் 'பெங்களூர்ப் பையன்'. அவன் தமிழைக் கேட்டு அத்தை பிள்ளைகள் சிரிக்கிறார்கள். விளையாட்டுக்குள் போனால் மட்டும், நீ எந்த ஊர், என்ன ஜாதி, எத்தனை மார்க்கு என்று யாரும் கேட்பதில்லை. 'உனக்கு என்ன தெரியும், எங்களோடு வருகிறாயா?' என்று கேட்கிறார்கள். பிள்ளை அங்கே போகாமல் வேறு எங்கே போவான்?

நம் கதையையே விளையாட்டாக்கியவர்களும் இருக்கிறார்கள். 2023ல் கனடாவிலிருந்து 'வெண்பா' என்ற விளையாட்டு வெளிவந்தது. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடா போன ஒரு குடும்பத்தின் கதை. அம்மாவின் கிழிந்துபோன சமையல் குறிப்பேட்டைப் பார்த்து, விட்டுப்போன இடங்களை ஊகித்துச் சமைக்க வேண்டும். முதல் பலகாரம் இட்லி. ஆடுகிறவர் பெரும்பாலும் தாயின் இடத்தில் நிற்க வேண்டும்; மகன் தமிழை விட்டு விலகும்போது நமக்கு நெஞ்சு கனக்கிறது. 2024ல் பிரிட்டனின் பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது. என் பேத்தி அதை ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "தாத்தா, இந்த அம்மா ஏன் அழறாங்க?" என்று கேட்டாள். ஒரு மணி நேரம் பேசினோம், தமிழில்.

மறுபக்கமும் உண்டு

நம் அன்பரின் கவலையை நான் தள்ளிவிடவில்லை. அளவு மீறினால் நோய்தான். உலக சுகாதார நிறுவனம் 2019ல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில் விளையாட்டு அடிமைத்தனமும் ஒன்று. நம் ஊர் நிம்ஹான்ஸ் மருத்துவமனை 2014லேயே, கைப்பேசி, இணையப் பழக்கத்திலிருந்து மீள முடியாதவர்களுக்கென்று 'ஷட்' என்ற தனிச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கியது. தூக்கமும் சாப்பாடும் படிப்பும் கெட்டு, நிறுத்தச் சொன்னாலும் நிறுத்த முடியாத பிள்ளையை அங்கே அழைத்துப் போவதில் வெட்கம் எதுவும் இல்லை.

பணம் கட்டி ஆடும் ஆட்டங்களும் உண்டு. அவை விளையாட்டே அல்ல, சூதாட்டம். குடும்பங்களைத் தெருவில் நிறுத்தியவை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அவற்றைத் தடைசெய்து சட்டம் இயற்றியதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் சூதாட்டத்தையும் கதை விளையாட்டையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தீர்மானம் போடுவது, சாராயக்கடையையும் காப்பிக்கடையையும் ஒன்றாக மூடச் சொல்வது போன்றது.

முகம் தெரியாதவர்களோடு பழகுவதிலும் ஆபத்து இல்லாமலில்லை. அதற்கு மருந்து, பிள்ளையின் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "யாரப்பா இவர்கள், என்ன ஆடுகிறீர்கள்?" என்று கேட்பது. நான் 2004ல் அப்படிக் கேட்டிருந்தால் என் தாயாரின் வார்த்தைகள் அழிந்திருக்கா.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம்

என் மகனுக்கு இப்போது நாற்பது வயது ஆகிறது. ஒயிட்ஃபீல்டில் வேலை, குடும்பம். தமிழ் மெதுவாகத்தான் வாசிக்கிறான், ஆனால் வாசிக்கிறான். கூட்டம் முடிந்து வந்த இரவு அவனோடு பேசினேன். "நீயாவது சங்கத்துக்கு வரலாமேடா?" என்றேன். கோபமில்லாமல் கேட்டான்:

"அங்கே எனக்கு என்ன வேலைப்பா?"

நாம் சாதாரணமாகச் சொல்லும் சொல்தான். ஆனால் அன்றிரவு அது எனக்கு அப்படியே நேர்ப்பொருளில் கேட்டது. உண்மைதானே, இளைஞர்களுக்கு நாம் என்ன வேலை கொடுத்திருக்கிறோம்? பொங்கலுக்கு வந்து உட்காரச் சொல்கிறோம். குறள் ஒப்பிக்கச் சொல்கிறோம். பொன்னாடை போர்த்தும்போது கைதட்டச் சொல்கிறோம். நாற்காலி கொடுக்கிறோம், வேலை கொடுப்பதில்லை. முகம் தெரியாத ஒரு கூட்டம் என் மகனிடம், 'இந்த இருநூறு வரி உன் பொறுப்பு' என்று நம்பிக் கொடுத்தது. அதற்காக அவன் என்னிடம் கற்காத எழுத்தைக் கற்றான். ஒரு கூட்டத்தோடு மனிதனைக் கட்டிப்போடுவது அங்கே அவனுக்குள்ள பொறுப்புதான் என்பது என் முடிவு.

ஆகவே அந்தத் தீர்மானத்தைக் கைவிட்டு, பின்வருவனவற்றை எண்ணிப் பார்க்குமாறு செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். நம் நூலகத்தின் மூலையில் கிடக்கும் பழைய கணிப்பொறிகளில் லினக்ஸ் ஏற்றினால் அவை மறுபடி ஓடும், பைசா செலவில்லை. சனிக்கிழமை மாலைகளில் அந்த அறையை இளைஞர்களிடம் ஒப்படைப்போம். சாவியும் அவர்களிடமே இருக்கட்டும். நாட்டுடைமையான தமிழ் நூல்களை விக்கிமூலத்தில் பிழைதிருத்தும் வேலை குவிந்து கிடக்கிறது. ஆளுக்குப் பத்துப் பக்கம் கொடுப்போம். நம் பழைய மலர்களைப் படமெடுத்து ஏற்றுவதை அவர்கள் செய்யட்டும். விளையாட்டுப் பிரியர்கள் ஒரு விளையாட்டைத் தமிழாக்கட்டும், அல்லது அல்சூரையும் கரகத்தையும் வைத்துப் புதிதாக ஒன்றை எழுதட்டும். நாம் பாட்டி, தாத்தாக்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல் எடுத்துக் கொடுப்போம். தவறு செய்வார்கள், பிரித்துக் கட்டலாம்.

என் தாயார் 2011ல் காலமானார். அவர் கொடுத்த சொற்களில் எத்தனை கடைசிவரை நின்றன என்று மகனைக் கேட்டேன். பொறுப்பாளர்கள் பலவற்றை மாற்றிவிட்டார்களாம். 'எடுத்து வை' போய் 'சேமி' வந்துவிட்டதாம். ஆனால் அவன் தன் சொந்தக் கணிப்பொறியில் மட்டும் அதை இன்னும் மாற்றவில்லை. போன வாரம் அவன் வீட்டுக்குப் போனபோது காட்டினான். ஒரு பொத்தானில் 'எடுத்து வை' என்றிருந்தது. அடுத்ததில் 'பிரி' என்றிருந்தது.

அடுத்த பொதுக்குழுவுக்கு அவனை அழைத்திருக்கிறேன். வேலை இருக்கிறது என்று சொல்லித்தான் அழைத்திருக்கிறேன். அன்பர்கள் என்னைப் பொய்யனாக்கிவிட வேண்டாம்.